பாக்குவெட்டியில் நறுக்கிய மாத்திரை

தமிழ்நாட்டு மருத்துவக் கல்லூரிகளின் முதல்வர்களுக்கும் சமூக மருத்துவத் துறைப் பேராசிரியர்களுக்கும் வணக்கம். நோயாளி தன் நோயையும் மருந்தையும் பற்றி என்ன நினைக்கிறார் என்று கேட்க உங்கள் மாணவர்களுக்குக் கற்றுக்கொடுங்கள் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம்.

போன ஐப்பசியில் என் பெரியம்மாவை, காலில் ஆறாத புண்ணோடு ஒரு மருத்துவமனையில் சேர்த்தோம். 16 வருடச் சர்க்கரை. சேர்த்த இரண்டாம் நாள் விடியற்காலை நாலரை மணி இருக்கும். கட்டில் ஆடும் சத்தம் கேட்டுக் கீழே பாயில் படுத்திருந்த நான் எழுந்தேன். பெரியம்மாவின் சேலை, ரவிக்கை, தலையணை எல்லாம் வேர்வையில் நனைந்திருந்தன. கை நடுங்கியது. என்னைத் தன் மாமியாராக நினைத்துக்கொண்டு, "அடுப்ப அமத்திட்டேன் அத்தை" என்றார். அந்த அத்தை இறந்து முப்பது வருடமாகிறது.

செவிலியர் ஓடிவந்து விரலில் குத்திப் பார்த்தார். சர்க்கரை 41. குளுக்கோஸ் ஏற்றினார்கள். கால் மணி நேரத்தில் பெரியம்மா என்னை என் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். இரவுப் பணியில் இருந்த டாக்டருக்கு இருபத்து மூன்று, இருபத்து நாலு வயது இருக்கும். எங்களைவிட அதிகமாக அவர்தான் பயந்துபோயிருந்தார். "வீட்ல சாப்பிடற அதே டோஸ்தாம்மா குடுத்தோம்" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அவர் சொன்னது உண்மை. கேஸ் ஷீட்டில் இருந்த அளவும் அதுதான். ஆனால் பெரியம்மா வீட்டில் சாப்பிட்டது அந்த அளவு அல்ல.

அன்று மத்தியானம் அவரே சொன்னார். ஆறு வருடமாக ஒவ்வொரு மாத்திரையையும் பாக்குவெட்டியில் வைத்துப் பாதியாக நறுக்கித்தான் சாப்பிட்டிருக்கிறார். மீதிப் பாதியைத் தாளில் மடித்துச் சுருக்குப்பையில் வைத்து மறுநாளைக்கு. "முழுசாத் தின்னா கிட்னி போயிருமாம்ல. எதுத்த வீட்டு அண்ணன் பத்து வருசம் ஒருநாள் விடாமத் தின்னாரு. கடைசியில கிட்னி போயித்தான செத்தாரு?"

ஒவ்வொரு முறை பரிசோதனையிலும் சர்க்கரை கூடுதலாக இருக்கும். மாத்திரை போதவில்லை என்று டாக்டர் அளவைக் கூட்டுவார். பெரியம்மா அதையும் பாதியாக்குவார். ஆறு வருடமும் அவரிடம் கேட்கப்பட்ட கேள்வி ஒன்றுதான்: "மாத்திரை ஒழுங்கா சாப்பிடறீங்களா?" அதற்கு அவர் சொன்ன பதிலும் ஒன்றுதான்: "சாப்பிடறேங்கய்யா." அதில் பொய் ஒன்றும் இல்லை. ஒழுங்காகத்தான் சாப்பிட்டார், பாதிப் பாதியாக. வார்டில் முழு அளவு உள்ளே போயிற்று. கொடுத்த உப்புமாவும் பிடிக்காமல் ஒதுக்கிவிட்டார். விடிவதற்குள் சரிந்துவிட்டார்.

இத்தனைக்கும் அவருடைய கூடப்பிறந்த தங்கை, என் அம்மா, கிராம சுகாதாரச் செவிலியராக 31 வருடம் வேலை பார்த்தவர். அவரிடமும் பெரியம்மா சொல்லவில்லை. சொன்னால் திட்டுவாள் என்று பயம். அம்மாவுக்கு அது இன்றுவரை ஆறாத வருத்தம்.

அந்த இளம் டாக்டரைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. கற்றுக்கொடுத்ததைத்தான் அவர் செய்தார். எதைக் கற்றுக்கொடுக்கிறோம் என்பதைப் பற்றித்தான் உங்களிடம் பேச வேண்டும். நான் கல்லூரியில் மானிடவியல் நடத்துபவள். எங்கள் துறையில் மருத்துவ மானிடவியல் என்று ஒரு பிரிவு உண்டு. ஒரு சமூகம் நோயை எப்படிப் புரிந்துகொள்கிறது, எதனால் வந்தது என்று எண்ணுகிறது, யாரிடம் முதலில் போகிறது, எதைக் கண்டு பயப்படுகிறது என்று வீடு வீடாக உட்கார்ந்து கேட்டறியும் படிப்பு. உங்கள் மாணவர்களுக்கு இது ஏறத்தாழ வந்து சேர்வதே இல்லை. சமூக மருத்துவப் பாடத்தில் 'சமூகக் கலாச்சாரக் காரணிகள்' என்று சில பக்கங்கள் உண்டு. அவற்றில் பெரும்பாலும் மூடநம்பிக்கை, அறியாமை, உணவு விலக்கு என்று ஒரு பட்டியல்தான். பெரியம்மாவை அந்தப் பட்டியலில் எங்கே வைப்பீர்கள்? எதிர்வீட்டு அண்ணன் மாத்திரை சாப்பிட்டதைப் பார்த்தார், கிட்னி போனதையும் பார்த்தார். இரண்டையும் முடிச்சுப் போட்டார். சிறுநீரகத்தைக் கெடுத்தது மாத்திரை அல்ல, அடங்காத சர்க்கரை என்ற ஒரு செய்தி மட்டும்தான் அவரிடம் இல்லை. அவர் யோசித்த விதத்தில் கோளாறு கிடையாது.

இதை நூறு வருடத்துக்கு முன்பே ஒரு டாக்டர் சொல்லியிருக்கிறார். டபிள்யூ. எச். ஆர். ரிவர்ஸ் மருத்துவம் படித்தவர். 1898இல் ஆஸ்திரேலியாவுக்கும் நியூகினிக்கும் இடையில் இருக்கும் டாரஸ் நீரிணைத் தீவுகளுக்குப் போன கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வுக் குழுவில் இருந்தார். பிறகு 1901–02இல் நம் நீலகிரிக்கு வந்து தோடர்களோடு பழகி, ஒவ்வொரு குடும்பத்தின் வம்சாவளியையும் கேட்டு எழுதினார். 1906இல் தோடர்களைப் பற்றிப் பெரிய நூல் வந்தது. பின்னாளில் லண்டன் மருத்துவர் கழகத்தில் அவர் ஆற்றிய உரைகள், அவர் 1922இல் இறந்த பிறகு, 1924இல் புத்தகமாயின. அதன் சாரம் எளிமையானது: ஒரு சமூகம் நோய்க்கு எது காரணம் என்று நம்புகிறதோ, அதிலிருந்து பிசகாமல் வருவதுதான் அதன் வைத்தியம். காரணத்தைத் தெரிந்துகொண்டால் வைத்தியம் பைத்தியக்காரத்தனமாகத் தெரியாது. நீலகிரியின் மந்துகளில், அதாவது தோடர் குடியிருப்புகளில், உட்கார்ந்து வேலை செய்த ஒரு மருத்துவரின் பெயர், தமிழ்நாட்டில் மருத்துவம் படிக்கும் பிள்ளைகள் எத்தனை பேருக்குத் தெரியும் என்று நினைத்தால் எனக்கு ஏக்கமாக இருக்கிறது.

அம்மாவிடம் நான் கண்ட ஒன்றைச் சொல்கிறேன். பள்ளி விடுமுறையில் அவரோடு களப்பணிக்குப் போவேன். ஏழு மாதக் கர்ப்பிணி ஒருத்தி வீட்டில், பருப்பு டின்னுக்குள் இரும்புச்சத்து மாத்திரை அட்டைகள் பிரிக்கப்படாமல் அடுக்கியிருந்தன. சிவப்பு மாத்திரை, எல்லாருக்கும் தெரியும். நான் அம்மா சத்தம் போடுவார் என்று நினைத்தேன். அம்மா திண்ணையில் உட்கார்ந்து தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, "இந்த மாத்திர என்னத்தா செய்யுது?" என்று கேட்டார்.

"சூடும்மா. வெளிக்கிப் போனா கருகருன்னு போகுது. என் வயிறே இப்படிக் கருகுனா, உள்ள இருக்க புள்ள என்னாகும்?"

பிள்ளை கறுப்பாகப் பிறக்கும் என்பதோடு, மாத்திரையால் பிள்ளை பெருத்துவிட்டால் பிரசவத்தில் தன் உயிருக்கு ஆபத்து என்ற பயமும் அவளுக்கு இருந்தது. அவளுடைய அக்கா பிரசவத்தில் இறந்தவள். அதையும் அப்போதுதான் சொன்னாள். மாத்திரை கொடுத்துவிட்டுப் போன யாரும் அதுவரை கேட்டிருக்கவில்லை.

அம்மா மறுத்துப் பேசவில்லை. "சூடுன்னா சூட்ட அமத்தணும்ல? சாப்பிட்டு ரெண்டு மணி நேரம் கழிச்சு மாத்திரயப் போடு. மேல ஒரு எலுமிச்சம்பழத்தைப் பிழிஞ்சு தண்ணி குடி. டீத்தண்ணி மட்டும் கூடவே குடிக்காத. கருப்பாப் போறது உடம்பு வேணாம்னு தள்ளுன மிச்ச இரும்பு, ஒண்ணும் கருகல." எலுமிச்சை குளிர்ச்சி என்பது அந்தப் பெண்ணின் கணக்கு. எலுமிச்சையில் இருக்கும் வைட்டமின் சி இரும்பை உடம்பில் சேர்க்கும், தேநீர் அதைத் தடுக்கும் என்பது அம்மா படித்த கணக்கு. இரண்டு கணக்கும் ஒரு டம்ளரில் சந்தித்தன. அடுத்த மாதம் டின்னில் இருந்தவை காலி அட்டைகள்.

என் மாணவர்களுக்கு மருத்துவ மானிடவியல் என்றால் என்னவென்று விளக்க, பல வருடமாக நான் சொல்லும் முதல் கதை இதுதான். ஆர்தர் கிளைன்மன் என்ற மனநல மருத்துவர், தைவானில் களஆய்வு செய்த மானிடவியலாளரும் கூட, இதைத்தான் கேள்விகளாக எழுதினார். உங்களுக்கு என்ன செய்கிறது என்று நினைக்கிறீர்கள்? எதனால் வந்தது? ஏன் இப்போது வந்தது? எதை நினைத்து அதிகம் பயப்படுகிறீர்கள்? 1978இல் அவரும் வேறு இருவரும் சேர்ந்து மருத்துவ இதழில் எழுதிய கட்டுரை உலகம் முழுக்க மருத்துவக் கல்லூரிகளில் படிக்கப்படுகிறது. டாக்டர் கண்டுபிடிக்கும் நோய் ஒன்று, நோயாளி அனுபவிக்கும் நோவு ஒன்று என்று அவர் பிரித்துக் காட்டினார். அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 2013இல் வெளியிட்ட நோய்க் கையேட்டில், இந்த வழியில் வந்த 16 கேள்விகள் கொண்ட நேர்காணலே சேர்க்கப்பட்டிருக்கிறது. அம்மா கிளைன்மனைப் படித்ததில்லை. ஆனால் திண்ணையில் உட்காரத் தெரிந்தவர்.

உங்கள் வகுப்புகளில் ஒரு நல்ல விதி இருக்கிறது: நோயாளியின் முதன்மைத் தொல்லையை அவர் சொன்ன சொல்லிலேயே எழுத வேண்டும் என்பது. நடப்பது என்ன? "மயக்கமா வருதுங்க" என்று ஒருவர் சொல்கிறார். மாணவர் அதை ஆங்கிலத்தில் ஒரு சொல்லாக்கி எழுதுகிறார். தமிழில் மயக்கம் என்றால் தலைசுற்றலா, கண் இருட்டிக்கொண்டு வருவதா, நினைவு தப்புவதா, வெறும் அசதியா? நான்குக்கும் நாம் அந்தச் சொல்லைத்தான் சொல்கிறோம். நான்குக்கும் வைத்தியம் வேறு. "வாயுப் பிடிப்பு" என்று நெஞ்சைத் தடவிக்கொண்டு வருபவருக்கு உண்மையிலேயே வாயுவாக இருக்கலாம், மாரடைப்பாகவும் இருக்கலாம். "வெள்ளைப்படுது, உடம்பு உருகிப் போகுது" என்று ஒரு பெண் சொல்லும்போது, சில சமயம் அது தொற்று. பல சமயம் ஓய்வில்லாத வேலையையும், புருஷனைப் பற்றி வாய்விட்டுச் சொல்ல முடியாததையும் அந்த ஒரு சொல்லில்தான் அவளால் சொல்ல முடிகிறது. மாத்திரைச் சீட்டோடு அவளை அனுப்பிவிட்டால் அடுத்த மாதமும் வருவாள், அதே சொல்லோடு. குழந்தைகளுக்கு வரும் கோளாறுகளுக்கு ஊரில் சொல்லும் பெயர்கள் உரம் விழுந்தது, தொக்கம், சீர் தட்டியது, குடல் ஏத்தம், பயந்த கோளாறு: இவற்றில் எதைக் கேட்டால் குழந்தைக்கு நீர் வற்றியிருக்கிறதா என்று உடனே பார்க்க வேண்டும் என்பது அனுபவப்பட்ட செவிலியருக்குத் தெரியும். தமிழிலேயே வளர்ந்த பயிற்சி மருத்துவருக்குக்கூட, ஐந்தரை வருடத்தில் இந்தச் சொற்கள் காதில் விழாமல் பழகிவிடுகின்றன.

எல்லா நாட்டு வைத்தியமும் நல்லது என்று நான் வாதாடவில்லை. உரம் எடுக்கிறேன் என்று பச்சைக் குழந்தையைச் சேலையில் போட்டு உருட்டுவதையும் குலுக்குவதையும் பார்த்துப் பதறியிருக்கிறேன். அம்மை விஷயத்தில் இரண்டு பக்கமும் தெரியும். வாசலில் வேப்பிலை சொருகிவிட்டால் அந்த வீட்டுக்கு யாரும் வரமாட்டார்கள், வீட்டுக்காரர்களும் விசேஷங்களுக்குப் போகமாட்டார்கள். தாளிக்க மாட்டார்கள், இளநீரும் மோரும் கூழும்தான். தலைக்குத் தண்ணீர் ஊற்றி மாரியம்மனை இறக்கும்வரை நோயாளி தனித்தே இருப்பார். தனிமைப்படுத்துவதும் நீராகாரமும் இதைவிட ஒழுங்காக நடக்க ஒரு சுற்றறிக்கையால் முடியாது. பெரியம்மை போய்விட்டது. இந்தியாவின் கடைசி நோயாளி 1975 மே மாதம் அசாமில், உலகிலிருந்தே ஒழிந்தது என்ற அறிவிப்பு 1980 மே மாதம். மாரியம்மன் போகவில்லை. தட்டம்மைக்கும் சின்னம்மைக்கும் இன்றும் அவள்தான். மாரியம்மன் வந்திருக்கும்போது மருந்து கொடுத்தால் கோபிப்பாள் என்று வீட்டிலேயே வைத்துக்கொண்டு இருந்ததில், தட்டம்மையோடு நிமோனியா வந்து இறந்துபோன குழந்தைகளை என் அம்மாவுக்குத் தெரியும். அதனால் அவர் சொல்லும் வார்த்தையை அளந்துதான் சொல்வார்: "ஆத்தா இருக்கட்டும், நான் அனுப்பச் சொல்லல. புள்ளைக்கு மூச்சு இழுத்தா மட்டும் ராத்திரின்னு பாக்காம என்கிட்டத் தூக்கிட்டு வா." தூக்கிக்கொண்டு வந்தார்கள்.

நோய் எங்கிருந்து வருகிறது என்ற கேள்விக்கே மானிடவியல் விடை தந்த நேரமும் உண்டு. பப்புவா நியூகினியின் கிழக்கு மலைப்பகுதியில் ஃபோரே மக்களிடையே குரு என்ற நடுக்க நோய் 1950களில் பெண்களையும் குழந்தைகளையும் வாரிக்கொண்டு போனது. பரம்பரை நோய் என்று விஞ்ஞானிகள் எண்ணினார்கள். 1960களின் தொடக்கத்தில் அங்கே தங்கிய ராபர்ட் கிளாஸ், ஷெர்லி லிண்டன்பாம் என்ற மானிடவியல் தம்பதி, யார் யாருக்கு என்ன உறவு, அந்த ஊரில் முதல் நோயாளி யார் என்று கேட்டுக்கொண்டே போனார்கள். நோய் அங்கு வந்ததே பெரியவர்களுக்கு நினைவிருக்கும் காலத்தில்தான் என்பதும், இரத்த உறவை அது பின்தொடரவில்லை என்பதும் தெரிந்தன. இறந்த உறவினரின் உடலை உண்ணும் ஈமச் சடங்கில் பெண்களும் குழந்தைகளுமே அதிகம் பங்கெடுத்தார்கள். வழி அங்கே இருந்தது. ஆய்வகம் அதன்பிறகு சிம்பன்சிகளில் தொற்றை நிரூபித்தது, 1976இல் கார்ல்டன் கஜ்டுசெக்குக்கு நோபல் பரிசு கிடைத்தது. மேற்கு ஆப்பிரிக்காவில் 2014–16 எபோலா காலத்திலும் இதேபோல்தான். 11,000 பேருக்கு மேல் இறந்த அந்தக் கொள்ளைநோயில், உடலைக் கழுவி அடக்கம் செய்யும் வழக்கத்தைத் தடை போட்டு நிறுத்தப் பார்த்தபோது மக்கள் உடல்களை ஒளித்தார்கள். குடும்பத்தாரையும் மதகுருக்களையும் சேர்த்துக்கொண்டு 'பாதுகாப்பான, கண்ணியமான அடக்கம்' என்று விதியை மாற்றி எழுதிய பிறகு ஒத்துழைப்பு வந்தது.

மனநோய் தீர வேண்டி மக்கள் போய்த் தங்கும் தர்கா இருக்கும் ஏர்வாடியை நம் ஊரில் யாரும் மறந்திருக்க முடியாது. 2001 ஆகஸ்ட் 6, விடியற்காலை. கொட்டகையில் சங்கிலியில் பிணைக்கப்பட்டிருந்த 28 மனநோயாளிகள் தீயில் கருகினார்கள். அது கொலைக்குச் சமமான அலட்சியம். சங்கிலி இனி எங்கும் இருக்கக் கூடாது. 2017ஆம் ஆண்டின் மனநலச் சட்டமும் அதைத் தடை செய்துவிட்டது. ஆனால் அந்தத் தீக்குப் பிறகு இன்னொரு கேள்வியும் கேட்கப்பட்டது: மக்கள் ஏன் அங்கே போகிறார்கள்? பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல நிறுவனத்தின் ஆய்வாளர்கள் உள்ளிட்ட குழுவினர் தமிழ்நாட்டில் முத்துசாமி கோயில் ஒன்றில் தங்கியிருந்த 31 நோயாளிகளைப் பார்த்து, 2002இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் எழுதினார்கள். சில வாரத் தங்கலில் நோய்க்குறி அளவுகோல் ஏறத்தாழ 20 சதவீதம் இறங்கியிருந்தது. தனிப்பட்ட சடங்கு எதுவும் அதற்குக் காரணமாகத் தெரியவில்லை. அதட்டாத, விரட்டாத, சேர்த்துக்கொள்ளும் இடமாக அது இருந்தது. 31 பேர் சிறிய எண்ணிக்கைதான், ஒப்பிட்டுப் பார்க்க வேறு குழுவும் இல்லை. ஆனாலும் கேட்கத் தகுந்த கேள்வியை அது கேட்டது. ஏர்வாடி தர்காவில் பிரார்த்தனையோடு மனநல மருந்தும் கிடைக்கும்படி 'தவா–துவா' திட்டத்தை அரசு கொண்டுவந்ததும் இந்த எண்ணத்தில்தான். மருந்தை மக்கள் இருக்கும் இடத்துக்குக் கொண்டுபோய் வைத்தார்கள். அது நம் அரசு செய்த நல்ல காரியங்களில் ஒன்று என்று நான் நம்புகிறேன்.

கலாச்சாரம் என்ற சொல்லைக் கையில் எடுக்கும்போது எனக்கு ஒரு பயமும் உண்டு, அதையும் உங்களிடம் சொல்லிவிட வேண்டும். 'அவங்க நம்பிக்கை அப்படி' என்று வறுமையை மூடிவிட அந்தச் சொல் வசதியாகப் போய்விடும். பால் ஃபார்மர் மருத்துவரும் மானிடவியலாளரும். ஹைட்டியில் காசநோயாளிகளிடையே வேலை செய்தபோது, சூனியத்தால் வந்தது என்று நம்புகிறவர்கள் மருந்தை விட்டுவிடுவார்கள் என்றுதான் பலரும் எதிர்பார்த்தார்கள். பார்த்தால், நம்பிக்கைக்கும் மருந்தை விடுவதற்கும் சம்பந்தமே இல்லை. சாப்பாட்டுக்கும் போக்குவரத்துக்கும் பணம் கொடுத்து, ஊர்க்காரர் ஒருவர் வீட்டுக்கு வந்து பார்த்துக்கொண்டபோது, சூனியத்தை நம்பியவர்களும் குணமானார்கள். பெரியம்மா விஷயத்திலும் இதில் பாதி உண்டு. பாதி மாத்திரை சாப்பிட்டால் ஒரு மாதச் சீட்டு இரண்டு மாதத்துக்கு வரும், பஸ்ஸுக்கும் காத்திருப்புக்கும் ஒரு நாள் கூலி மிச்சம் என்பதையும் அவர் நினைத்திருந்தார். கிட்னிப் பயத்தைச் சொன்ன பிறகுதான், மெதுவாக, அதைச் சொன்னார். வாய்விட்டுப் பேச இடம் கொடுத்தால்தான் இந்த இரண்டாவது காரணம் வெளியே வரும்.

புதிய பட்டப்படிப்போ புதிய கட்டடமோ நான் கேட்கவில்லை. 2019 முதல் நடைமுறையில் இருக்கும் பாடத்திட்டத்தில் தொடக்க அடிப்படைப் பயிற்சி இருக்கிறது, நோயாளியோடு பேசும் முறைக்கென்று பாடம் இருக்கிறது, விருப்பப் பாடத்துக்கு நேரம் இருக்கிறது, மாணவர்கள் குடும்பங்களைத் தத்தெடுத்துப் போய்ப் பார்க்கும் திட்டமும் இருக்கிறது. அந்த வீடுகளில் இப்போது பெரும்பாலும் உயரம், எடை, பிரஷர் எழுதிக்கொண்டு திரும்புகிறார்கள். அந்தப் பயணத்தில் சில நாளாவது ஒரு மானிடவியல் ஆசிரியரையும் அந்தப் பகுதிச் செவிலியரையும் கூட அனுப்புங்கள். மாணவர் படிவத்தை மூடி வைத்துவிட்டு ஒரு மணி நேரம் கேட்டுக்கொண்டு மட்டும் இருக்கட்டும். விருப்பப் பாடமாக மருத்துவ மானிடவியலை ஒரு கல்லூரியிலாவது தொடங்குங்கள். சென்னைப் பல்கலைக்கழகத்தில் பல பத்தாண்டுகளாக மானிடவியல் துறை இருக்கிறது, ஆளுக்குப் பஞ்சமில்லை. கேஸ் ஷீட்டில் ஒரே ஒரு வரி கூடுதலாக வேண்டும்: இது எதனால் வந்தது என்று நோயாளி நினைக்கிறார் என்பது, அவர் சொன்ன தமிழில், தமிழ் எழுத்தில். அதற்குக் கீழே, மருந்தைப் பற்றி அவருக்கு என்ன பயம் என்பது. அந்த வரியில் "கிட்னி" என்ற ஒரு சொல் இருந்திருந்தால் அந்த விடியற்காலை வந்திருக்காது.

நேரம் எங்கே என்று கேட்பீர்கள். காலை ஒன்பது மணிக்கே வரிசை வாசலைத் தாண்டி நிற்கும் புறநோயாளிப் பிரிவுகளில் நானும் உட்கார்ந்திருக்கிறேன். ஒரு டாக்டர் நூறு பேரைப் பார்க்கும் இடத்தில் எல்லாரிடமும் இதைக் கேட்க முடியாது. வார்டில் சேர்ந்தவர்களிடம் முடியும், மாத்திரை கூட்டியும் நோய் அடங்காதவர்களிடம் கட்டாயம் முடியும். அளவைக் கூட்டும் முன் "இத எப்படிச் சாப்பிடுறீங்க, எனக்குக் காட்டுங்க" என்று கேட்க அரை நிமிடம் ஆகாது. பெரியம்மாவிடம் கேட்டிருந்தால் சுருக்குப்பையை அவிழ்த்திருப்பார்.

பெரியம்மாவுக்கு இரண்டு விரல்கள் போயின. கால் இருக்கிறது. மாத்திரையை இப்போது முழுதாகச் சாப்பிடுகிறார், குறைத்து எழுதிய அளவில்.

அம்மாவிடம் 31 வருடத்து நோட்டுகள் இருக்கின்றன. ஊர் ஊராக, நோய்க்குப் பெண்கள் சொன்ன சொற்களை, எந்தச் சொல்லுக்குப் பின்னால் கடைசியில் எந்த நோய் இருந்தது என்பதோடு எழுதி வைத்திருக்கிறார். சில பக்கங்களில் மழை பட்டு மை ஊறியிருக்கிறது, மற்றபடி படிக்கலாம். உங்களில் எந்தக் கல்லூரி கூப்பிட்டாலும் அந்த நோட்டுகளோடு நானும் அம்மாவும் வருகிறோம். செலவு எங்களுடையது. அம்மாவுக்கு முழங்கால் வலி, வகுப்பு தரைத்தளத்தில் இருந்தால் நல்லது.

அன்புடன்,
ஒரு மானிடவியல் ஆசிரியை